பட்டாளத்து லாரியின் ஐந்து டயல்கள்

ஜூன் 10, திங்கள்

இன்று காலை பதினொரு மணிக்கு, குன்னூர் மேஜர் தேவசகாயம் ஒரு கைக்கருவியை என் பட்டாளத்து லாரியின் டயல்களுக்கு நேராக நீட்டினார். அது கறகறவென்று கத்தியது. வியாபாரம் அங்கேயே நின்றுவிட்டது.

ஆறு லட்சத்துக்குப் பேசி, கை கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. 1943இல் வெள்ளைக்காரன் பட்டாளத்துக்குச் செய்த மூன்று டன் லாரி. சண்டை முடிந்து வால்பாறை எஸ்டேட்டில் தேயிலை சுமந்து, பிறகு முப்பது வருடம் கோழிக்கூண்டாக இருந்தது. அதை நான் எடுத்து, கியர் பல்லை இங்கே கோயமுத்தூரிலேயே வெட்டி, ஒன்பது மாதம் உழைத்து ஓட வைத்திருக்கிறேன். மேஜர் ஓட்டிப் பார்த்தார், சிரித்தார், குழந்தை மாதிரி ஹாரன் அடித்தார். பிறகு பையிலிருந்து சோப்பு டப்பா அளவில் அந்தச் சனியனை எடுத்தார்.

"மருதாசலம், இது என்னன்னு தெரியுதா? கதிர்வீச்சு இருந்தா கத்தும். ராத்திரியில முள்ளு தெரியணும்னு அந்தக் காலத்துல ரேடியம் கலந்து பூசியிருக்கான்."

"அது எப்பவோ செத்துப்போச்சுங்களே சார். இருட்டுல வெச்சாக்கூட மினுங்காது."

"மினுமினுப்புதான்யா செத்துது. ரேடியம் சாகல. ஆயிரம் வருஷம் கழிச்சு வந்து பாத்தாலும் பாதிக்கு மேல அப்படியே இருக்கும்." டயலுக்குக் கிட்டே குனிந்தார். "எண்ணெல்லாம் புதுசா எழுதியிருக்கே. யாரு சுரண்டினது?"

"மெட்ராஸ்ல ஒரு ஆளுங்க."

"கண்ணாடிக்குள்ள மூடியிருந்தா அவ்வளவு மோசமில்ல. சுரண்டினாத்தான் ஆபத்து. தூள் வாய்க்குள்ள போனா நேரா எலும்புல போய் உக்காந்துக்கும். அந்த ஆளுக்கு இன்னிக்கே போன் போடுங்க."

"போட்டர்றனுங்க. எனக்கு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லீங்க சார்."

அவர் லாரியை வேண்டாம் என்று சொல்லவில்லை. டயல்களுக்கு ஒரு வழி செய்தால் மறுபடி பேசலாம் என்றார். வாசல் வரை போய் வழியனுப்பினேன்.

மெட்ராஸ் ஆள் என்று யாரும் இல்லை. எழுதியது கமலவேணி. என் வீட்டுக்காரி.

ஜூன் 11, செவ்வாய்

தூக்கம் இல்லை. யாரிடமும் சொல்ல முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன். பெயிண்டுக் கடைக்காரன் கொடுத்த டைரி சும்மாதானே கிடக்கிறது.

இருபது வருடத்துக்கு முன்னால் இந்த வண்டிகளை எடைக்குத்தான் போட்டோம். உக்கடத்தில் கிலோ கணக்கு. இன்று பெங்களூர்க்காரனும் புனேக்காரனும் ஒரு திருகாணிக்கு நாலு போன் போடுகிறான். கல்யாணத்துக்கு முன்னால் போட்டோ எடுக்க ஜீப் கேட்கிறார்கள். சினிமாவுக்குக் கேட்கிறார்கள். இங்கிலாந்திலிருந்தே கேட்கிறார்கள். என்ஜினை யாரும் சரிசெய்துவிடலாம். டயலில் எண் அழிந்திருந்தால் வண்டிக்கு முகமே இல்லாத மாதிரி ஆகிவிடும். அதற்கு ஆள் கிடைப்பதில்லை.

என் வீட்டிலேயே ஆள் இருந்தது. கமலவேணி கல்யாணத்துக்கு முன்னால் பம்ப்செட் கம்பெனியில் பெயர்த் தகட்டில் எழுத்து எழுதிக்கொண்டிருந்தவள். பிளேடால் பழைய பூச்சைச் சுரண்டுவாள். தூசியைப் பிரஷால் தட்டுவாள். அதே பிரஷின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கிக்கொண்டு எழுத ஆரம்பிப்பாள். அச்சடித்த மாதிரி இருக்கும். நான்கு வருடம். நூற்று நாற்பது டயலுக்குக் குறையாது.

சுரண்டாதவை இன்னும் முப்பத்தெட்டு, பின்னறைக் கட்டிலுக்கு அடியில் கிடந்தன. அவள் ரேஷன் கடைக்குப் போனபோது தகர டின்னில் போட்டு ஷெட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். பழைய பேட்டரிக்காரனிடம் ஈயத் தகடு வாங்கிச் சுற்றினேன். எதற்கு என்று கேட்டான். மீன் வலைக்குக் குண்டு செய்ய என்றேன். கோயமுத்தூரில் எந்தக் கடலோ.

பேத்தி வரும்போதெல்லாம் பின்னறையை நான் பூட்டிவைப்பது வழக்கம். சின்னச் சின்ன சாமான், தொலைந்துவிடும் என்று.

ஜூன் 12, புதன்

போனில் பழைய செய்திகளை அழித்தேன். இடத்தை அடைக்கிறது.

ஜூன் 13, வியாழன்

அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துப் பின்னறையைக் கூட்டினேன். ஜன்னல் ஓரம், மேஜை இடுக்கு எல்லாவற்றையும் நன்றாகத் தட்டிக் கூட்டினேன். வெயில் கோட்டில் தூசி பறந்தது. அள்ளித் தெருக் குப்பையில் கொட்டாமல் பையில் கட்டி வைத்தேன். அந்த அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது.

மத்தியானம் மேஜர் கூப்பிட்டார்.

"சொல்லிட்டீங்களா மெட்ராஸ் ஆளுக்கு?"

"சொல்லிட்டனுங்க."

"கூட்டவே கூடாதுன்னு சொல்லுங்க. தூசி கிளம்பும். ஈரத்துணியில மெதுவாத் துடைக்கணும். முடிஞ்சா அந்த ரூமை மூடிட்டு, கவர்மெண்டுல அணுசக்திக்காரங்களுக்குச் சொல்லிடறதுதான் நல்லது."

"சரிங்க சார்."

போனை வைத்துவிட்டு மூக்கைச் சிந்தினேன். வாயைப் பத்துத் தடவை கொப்பளித்தேன். கமலவேணி வந்து பார்த்தாள்.

"என்னங்க, வீடெல்லாம் கூட்டிட்டீங்க? சூரியன் மேக்கால மொளச்சுதா?"

"சும்மா இருக்கறனேன்னு கூட்டுனன் அம்மணி."

"அப்பிடியே அந்த பாத்திரத்தையும் வெளக்கிருங்க."

சிரித்துக்கொண்டே போனாள். நானும் சிரித்தேன்.

ஜூன் 15, சனி

சத்தத்தைக் குறைத்து வைத்து போனில் பார்த்தேன். நூறு வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் கைக்கடிகாரத்தில் எண் எழுதிய பெண்கள். அவர்களும் பிரஷை உதட்டில்தான் வைத்தார்கள். முதலில் பல் போனது. பிடுங்கிய இடம் ஆறவில்லை. பிறகு தாடை.

அவர்கள் தொட்டது புதுப் பூச்சு, வருடக்கணக்கில், தினமும். இவள் தொட்டது பழைய தூசி. அதுவும் இதுவும் ஒன்றில்லை. இதை மூன்று தடவை எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அடுக்களையில் தோசை ஊற்றிக்கொண்டே கமலவேணி இடது கன்னத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். ஏப்ரலில் அவளுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். இரண்டு மாதம் ஆகிறது. குழி இன்னும் ஆறவில்லை.

ஜூன் 17, திங்கள்

பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். நானாக அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனது இருபத்தெட்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை. வண்டியில் உட்கார்ந்துகொண்டு, "எதாச்சும் இன்சூரன்ஸ் போட்டுருக்கறீங்களா எம்மேல?" என்று கேட்டாள். வண்டியை ஓரமாக நிறுத்தி, பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பது போல் டாங்கியைத் திறந்து மூடினேன்.

டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்தார். ரத்தம் எடுக்கச் சொன்னார். முடிவு நாளைக்கு.

ஜூன் 18, செவ்வாய்

சர்க்கரை. இருநூற்று எண்பது. அவ்வளவுதான்! எலும்பு நன்றாக இருக்கிறதாம். சர்க்கரை ஏறிக்கிடந்தால் புண் ஆறாதாம். மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் வாங்கிக் கொடுத்தேன். சர்க்கரைக்காரிக்கு இளநீரா என்று அவள்தான் கேட்டாள். எனக்கு ஞாபகமே இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

யோசித்துப் பார்த்தால் இப்போது சொல்ல என்ன இருக்கிறது? சர்க்கரைதான். சொன்னால் பயந்துகொண்டே இருப்பாள். இனிமேல் டயல் வேலை கிடையாது என்று நிறுத்திவிட்டால் போதும். டின்னை எங்காவது ஒரு பாழுங்கிணற்றில் போட்டுவிடலாம். மதுக்கரைப் பக்கம் நிறைய இருக்கிறது.

ஜூன் 19, புதன்

கிணற்றுத் தண்ணீரை யாராவது குடித்தால்? வேண்டாம்.

ஜூன் 20, வியாழன்

ஷெட்டிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தேன். பின்னறை ஜன்னலோரம் கமலவேணி உட்கார்ந்திருந்தாள். மடியில் செய்தித்தாள், கையில் பிளேடு. ஆயில் டயல் ஒன்றைப் பாதி சுரண்டியிருந்தாள். அவளுடைய தையல் டப்பாவுக்குள் ஒன்று தங்கிவிட்டிருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டில் நாய் குரைத்தது.

"கீழ போடு! கீழ போடு! ஊதாத!"

அவள் ஊதுவதற்குத்தான் உதட்டைக் குவித்திருந்தாள். அப்படியே உறைந்துபோனாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினேன். முகத்தைக் கழுவினேன். வாயைக் கொப்பளிக்கச் சொன்னேன். முந்தானையெல்லாம் நனைந்து குளிரில் நிற்கிற மாதிரி நின்றாள்.

"ஏனுங்க... என்னாச்சுங்க?"

சொன்னேன். மேஜர் வந்தது, கருவி கத்தியது, மெட்ராஸ் ஆள் என்று நான் பொய் சொன்னது, தூள் எலும்பில் உட்காருவது எல்லாம் சொன்னேன். போன வாரம்தான் எனக்கே தெரியும் என்று சொன்னேன்.

தன் கைவிரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப என்ற பல்லு?"

"அது சர்க்கரை. டாக்டரம்மா சொன்னாங்கல்ல."

"அவங்களுக்கு இது தெரியுமா?"

தெரியாது. நான் சொல்லவில்லை. அதற்கு அவள் ஒன்றும் திட்டவில்லை. ஈரச் சேலையோடு போய் மேஜர் நம்பரை என் போனில் எடுத்து, அவளே கூப்பிட்டாள்.

"ஐயா, மெட்ராஸ் ஆளு பேசறனுங்க" என்றாள்.

ஜூன் 24, திங்கள்

மேஜர் சொல்லி ஏற்பாடாகி, அணுசக்தித் துறையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கையுறை, முகமூடி, செருப்புக்கு மேல் பிளாஸ்டிக் பை. தெருவே வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டு அம்மா "மறுபடி கொரோனாவா?" என்று கேட்டார்.

கருவியை ஒவ்வொரு சாமானாகக் காட்டினார்கள். மேஜை கத்தியது. ஜன்னல் விளிம்பு கத்தியது. நான் கூட்டிக் கட்டிய பை கத்தியது. விளக்குமாறு கத்தியது. ஷெட்டில் நான் வைத்திருந்த தகர டின்னையும் எடுத்துக்கொண்டார்கள். அடுக்களையில் ஒன்றும் இல்லை என்றதும் மூச்சு வந்தது. துணி அலமாரிக்குப் போனார்கள். கமலவேணியின் பச்சைச் சுங்கடிச் சேலை, வேலை செய்யும்போது கை துடைக்கிற சேலை, அதன் முந்தானைக்கு வந்ததும் மெதுவாக டிக் டிக் என்றது. அதை வெளியே எடுத்து மடித்துப் பையில் போட்டபோது மட்டும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசியில் அவளை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கருவியைக் கை, நெஞ்சு, தாடைக்கு அருகே கொண்டுபோனார்கள். நான் வெளியே போய்விட்டேன். இதை மறைக்க ஒன்றுமில்லை. நிற்க முடியவில்லை.

கருவியின் சத்தம் எதுவும் வெளியே கேட்கவில்லை. ஆனால் உடம்புக்குள் இருப்பது இந்தக் கருவிக்குத் தெரியாதாம். ஒருநாள் முழுக்கச் சிறுநீர் பிடித்துக் கொடுக்க வேண்டும். முடிவுக்கு இரண்டு வாரம். பல் டாக்டருக்கும் அவர்களே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார்கள்.

பெரியவராக இருந்தவர் ஒரு தாளில் குறித்துக்கொண்டே கேட்டார்.

"இது ஆபத்துன்னு இதுக்கு முன்னாடி யாராச்சும் உங்களுக்குச் சொல்லியிருக்காங்களா?"

"இல்லீங்க."

யாருக்கெல்லாம் டயல் விற்றேனோ அத்தனை பேரின் பெயரும் வேண்டும் என்றார். நாளைக்குக் கொடுப்பதாகச் சொன்னேன்.

ஜூன் 25, செவ்வாய்

நான் சொல்லச் சொல்ல அவள் பட்டியல் எழுதினாள். அவள் கையெழுத்துதான் நன்றாக இருக்கும். பெங்களூர் இரண்டு, புனே ஒன்று, கொச்சி ஒன்று. இருபத்திரண்டு பேர் வரை சரியாகத்தான் போனது.

"அப்பறம் அந்த இங்கிலாந்துக்காரரு. பார்னெட்டோ என்னமோ. ஆறு டயல் வாங்குனாரே" என்று அவளே எடுத்துக் கொடுத்தாள்.

"அவனுக்கு வேண்டாம் உடு. அவனுக்குத் தெரியும்."

பேனா நின்றது.

முப்பது வருடம் வியாபாரம் செய்திருக்கிறேன். எதிராளி வாயிலிருந்து விலை வரும்வரை என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. அப்படிப்பட்டவன் வாயிலிருந்து இது வந்தது.

"அவருக்கு எப்பிடித் தெரியும்?"

பட்டியலை என் பக்கம் இழுக்கப் பார்த்தேன்.

"உங்களத்தானுங்க கேக்கறன். அவருக்குத் தெரியும்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

சொன்னேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவன் போனில் செய்தி அனுப்பினான். தமிழில் மாற்றியே அனுப்பியிருந்தான். டயல் பூச்சு ஆபத்தானது, தயவுசெய்து சுரண்ட வேண்டாம், வேலை செய்பவர் முகமூடி போடுகிறாரா என்று கேட்டிருந்தான்.

எங்கள் தொழிலில் வாங்க வருகிறவன் முதலில் குற்றம்தான் சொல்வான். மட்காடைத் தட்டி துரு என்பான். என்ஜினுக்குக் காது கொடுத்துத் தலையாட்டுவான். எல்லாம் விலையைக் குறைக்கத்தான். குற்றத்துக்குப் பதில் சொல்லாதே, விலையை மட்டும் சொல்லு என்பதுதான் நான் கற்ற பாடம். இவனும் அதைத்தான் செய்கிறான், வெள்ளைக்காரன் என்பதால் பெரிய குற்றமாகச் சொல்கிறான் என்று நினைத்தேன். 'முதல் தரம் சார். கடைசி விலை' என்று பதில் போட்டேன். அவன் மறுபடியும் அதையே எழுதினான். நான் விலையை ஐநூறு குறைத்தேன்.

"அந்தச் செய்தியக் காட்டுங்க."

"அழிச்சுட்டன்."

"அதையுஞ் சொரண்டிட்டீங்களா?"

எழுந்துபோய்க் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். அவள் கண்ணில் ஒரு கணக்கு ஓடியது. எனக்கு அது எங்கே போய் முடியும் என்று அவளுக்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது.

"பாப்பா வந்தா அந்த ரூமப் பூட்ட ஆரம்பிச்சது எப்பிருந்து?"

சாவிக்கொத்தைச் சட்டைப்பைக்குள் தள்ளினேன்.

"ரெண்டு வருசமாத்தானே? சாமான் தொலைஞ்சுரும்னீங்க."

"கமலவேணி..."

"பேத்திக்கு ஆகாதுன்னு தெரிஞ்சுருக்குது. எனக்கு ஆகும்னு நெனச்சுட்டீங்க."

இதற்கு மேல் அவள் கத்தவில்லை, அழவில்லை. பட்டியலில் இருபத்துமூன்றாவதாகப் பார்னெட் பெயரையும் எழுதினாள். எண்கள் அச்சடித்த மாதிரி இருந்தன.

செய்தி வந்த அன்று எனக்கு உறுத்தியது. உண்மையைச் சொன்னால் ஒரு வாரம் உறுத்தியது. அந்த வாரத்தில்தான் பூட்டு வாங்கினேன். பிறகு பெங்களூரிலிருந்து இருபது டயலுக்கு ஆர்டர் வந்தது.

ஜூன் 26, புதன்

பேசவில்லை.

ஜூன் 29, சனி

பேசவில்லை. சோறு போடுகிறாள், மாத்திரை சாப்பிடுகிறாள், பக்கத்துத் தறிக்காரர் வீட்டு அம்மாவோடு சிரித்துப் பேசுகிறாள். நான் போனால் நிறுத்திவிடுகிறாள். கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து குழியை டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டார்ச்சைப் பிடிக்கட்டுமா என்று கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் சோதனை முடிவுதானோ என்று ஓடிப்போய் எடுக்கிறேன்.

ஜூலை 10, புதன்

முடிவு வந்துவிட்டது. உடம்பில் இருக்கிறது.

அதிகம் இல்லை என்றார்கள். அந்த அமெரிக்கப் பெண்களோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை என்றார்கள். ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது. எலும்பில் உட்கார்ந்ததை எடுக்க வழி கிடையாது. எதுவும் ஆகாமலே போகலாம். ஆகலாம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சோதனை, தாடை எக்ஸ்ரே, ஆயுசுக்கும்.

பல் குழி ஓரம் மூட ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது. கமலவேணி ஒரு கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள். பதினைந்து நாளில் அதுதான் முதல். ஆனால் பேசவில்லை.

ஜூலை 12, வெள்ளி

மேஜர் லாரிக்கு வந்தார். டயல் ஐந்தையும் அதிகாரிகள் எடுத்துப்போய்விட்டார்கள். டாஷ்போர்டில் ஐந்து வட்ட ஓட்டை. ஐந்தரைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். நியாயமான விலை. நான் கையை நீட்டப் போனேன்.

ஷெட் வாசலில் கமலவேணி நின்றாள். நான்கு வருடத்தில் அவள் ஷெட்டுக்கு வந்ததே இல்லை. மேஜர் எழுந்து நின்று கும்பிட்டார்.

"உக்காருங்கம்மா. உடம்பு எப்படி இருக்கு?"

"இருக்கறனுங்க ஐயா. ஒரு கேள்வி. இந்த மாதிரி வண்டி வெச்சுருக்கறவங்கெல்லாம் போன்ல ஒரு குழு வெச்சுருக்கறதாச் சொன்னீங்களே, எத்தன பேரு இருக்கறாங்க?"

"நானூத்துச் சொச்சம். வாங்கறவங்க, விக்கறவங்க எல்லாரும் அதுல இருக்காங்க. இந்த டயல் விஷயத்தை நான் போன வாரமே எழுதிட்டேம்மா. ஜாக்கிரதையா இருங்கன்னு."

"யாராச்சும் கேட்டாங்களா?"

மேஜர் சங்கடப்பட்டார். "ஒருத்தர் ரெண்டு பேரு... சிலர் வெலயக் கொறைக்கத்தான் இப்படிக் கெளப்பி விடறாங்கன்னு எழுதினாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை மேஜருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

"ஜாக்கிரதைன்னு சொன்னா யாருங் கேக்க மாட்டாங்க ஐயா. அவங்கவங்க வீட்லயும் ஒருத்தி உக்காந்து சொரண்டிட்டு இருப்பா. பேரு போட்டு எழுதுனாத்தான் நெசம்னு நம்புவாங்க."

"உங்க பேரையாம்மா?"

"என்ற பேரு எதுக்குங்க? யாவாரி பேரு. இவரு பேரு. ஊரு, ஷெட்டு, எல்லாம். வெள்ளக்காரரு சொன்னது, இவரு அழிச்சது, பேத்திக்குக் கதவப் பூட்டுனது. எல்லாமே."

மேஜர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். முதல் தடவையாக முழு விஷயமும் அவருக்குத் தெரிகிறது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் முகம் மாறியதைப் பார்க்காமலே தெரிந்துகொண்டேன்.

"அம்மா, அப்படி எழுதினா இனிமே இவருகிட்ட ஒருத்தனும் ஒரு போல்ட்கூட வாங்க மாட்டான்."

"தெரியுமுங்க. அதுக்குத்தான் வெல பேச வந்தன். அஞ்சரை வேண்டாம். அஞ்சே குடுங்க. அரை லட்சத்துக்கு இந்த வேலைய நீங்க செஞ்சு குடுக்கோணும்."

"காசு எதுக்கும்மா, நான் சும்மாவே—"

"சும்மா செஞ்சா பாவம் பாத்து ரெண்டு வார்த்தையக் கொறச்சுருவீங்க ஐயா. அரை லட்சம் கொறச்சு வாங்கிட்டா கரெக்டா செய்வீங்க. யாவாரமுன்னா யாவாரம்." பிறகு பதினேழு நாளுக்கு அப்புறம் என் பக்கம் திரும்பி என்னிடமே பேசினாள். "நீங்க என்ன சொல்றீங்க? புடிக்கலைன்னா சொல்லிருங்க. நான் எங்க அண்ணன் ஊட்டுக்குப் போயி மாத்திரை தின்னுக்கறன்."

கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல இருந்தது. பயமாகவும் இருந்தது. பெயர் போனால் எனக்கு வேறு முதல் கிடையாது. அவள் தாடையை ஒரு தடவை பார்த்தேன். இடது கை அங்கேதான் இருந்தது.

"சரி" என்றேன்.

லாரி ஐந்து லட்சத்துக்கு முடிந்தது. டயல் இல்லாமல், உள்ளபடிக்கு. குன்னூர் வரை ஏற்றிப்போகும் செலவு மேஜருடையது. குழுவில் போகும் செய்தியைக் கமலவேணி சொல்ல, மேஜர் எழுதுவார். என் பெயர், ஊர், ஷெட் விலாசம் அதில் இருக்கும். எச்சரித்த பிறகும் இரண்டு வருடம் மனைவியைச் சுரண்ட விட்டவர் என்று இருக்கும். நான் படித்துப் பார்க்கலாம், ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. அவள் அண்ணன் வீட்டுக்குப் போகமாட்டாள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சோதனைக்கு நான் கூடப் போக வேண்டும், முடிவு வரும்வரை உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும், வெளியே வரக் கூடாது.